பரணிலிருந்து இறங்கிய கப்பல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் இசையும் கேட்டுப் பழகியவர்கள் தாங்கள். இன்று மரத்தூளையும் பசையையும் நூற்கண்டையும் பற்றிய பேச்சைக் கேட்க நேர்ந்திருக்கிறது. செயலாளர் மும்முறை எங்கள் இல்லம் தேடி வந்து வற்புறுத்தியதால் இசைந்தோம். பேச்சு முழுவதும் 'நாங்கள்' என்றே சொல்லப் போகிறோம். அது பெருமைக்காக அன்று. ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் தச்சர் மட்டுமே; கயிற்றுவேலைக்காரர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழும் கணவனும் மனைவியும் சேர்ந்து கட்டும் கப்பல் இது.

1979 ஆம் ஆண்டில் மணமுடித்து இந்நகருக்கு வந்தோம். அப்போது இது பம்பாய். மாட்டுங்காவில் ஓர் அறை, கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகம், இரண்டுக்கும் இடையே நெரிசல் மிகுந்த ரயில். இதுவே அன்றைய வாழ்வு. மறு ஆண்டில் ஒரு சனிக்கிழமை, புளோரா பவுண்டன் அருகே நடைபாதைப் பழம்புத்தகக் கடையில், கப்பல் மாதிரிகள் செய்வது பற்றிய ஆங்கில இதழ்களின் கட்டொன்று கிடைத்தது. அதனுள் மடித்து வைத்த வரைபடம் ஒன்று இருந்தது. 'ஷானன்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் வரைபடம். கடைக்காரர் ஆறு ரூபாய் கேட்டார். மாதக் கடைசியில் ஆறு ரூபாய் என்பது சிறிய தொகை அன்று. வாங்கிவிட்டோம், அந்த வாரம் காய்கறி குறைந்தது.

எங்களுள் தச்சர் தூத்துக்குடியில் பிறந்தவர். தோணிகள் கட்டும் கரையில் விளையாடி வளர்ந்தவர். அடிமரத்தை 'ஏரா' என்றும், அதன்மேல் இருபுறமும் விலா எலும்புபோல் எழும் வளைமரங்களை 'வங்கு' என்றும், பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பதைக் 'கலப்பற்று' என்றும் அங்குள்ள ஓடாவிமார் சொல்லக் கேட்டவர். ஆங்கில வரைபடத்தைப் பிரித்தபோது அதிலிருந்த பெயர்கள் புரியவில்லை. உருவங்களோ எல்லாம் பழகிய முகங்களாய் இருந்தன. துணிவு வந்தது அதனால்தான்.

அளவைப்பற்றி ஒரு சொல். மெய்யான கப்பலின் ஓர் அடி, மாதிரியில் அரைக்கால் அங்குலம். அதாவது 96இல் ஒரு பங்கு. பீரங்கித் தளத்தில் 150 அடி நீளமுள்ள கப்பல் பதினெட்டே முக்கால் அங்குலமாகும். 40 அடி அகலம் ஐந்து அங்குலமாகும். ஐந்தரை அடி உயரமுள்ள மாலுமி முக்கால் அங்குலத்துக்கும் குறைந்துவிடுவான். பத்து அங்குல அகலப் பலகை, தடித்த ஊசியின் அகலத்துக்கு வந்துவிடும். இந்தக் கணக்கில் எந்தக் கயிறும் 'ஏறக்குறைய' என்ற சொல்லை ஏற்பதில்லை. மாலுமி ஏற முடியாத ஏணியைக் கட்டினால், கப்பலைப் பார்ப்பவர் காரணம் அறியாமலே ஏதோ பிழை என்று உணர்வார்.

நான்கு ஆண்டுகள் இரவுகளில் வேலை செய்தோம். உடல்பாகம் ஏறத்தாழ மூடியது. 1984 ஆம் ஆண்டில் கைக்குழந்தை தவழத் தொடங்கிற்று; அதே ஆண்டில் ஊரிலிருந்து தந்தையார் மருத்துவத்துக்காக எங்களிடம் வந்து சேர்ந்தார். ஓர் அறையில் ஐந்தாவது உயிராகக் கப்பலுக்கு இடமில்லை. பழைய வேட்டி ஒன்றில் சுற்றித் தகரப் பெட்டியில் இட்டுப் பரணில் ஏற்றினோம். அடுத்த கோடையில் எடுப்போம் என்று சொல்லிக்கொண்டோம். அந்தக் கோடை வர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. இடையில் வீடு மூன்று முறை மாறிற்று. பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் பரணுக்குத்தான் போயிற்று. திறந்து பார்க்கவில்லை என்பதைவிட, திறக்க அஞ்சினோம் என்பதே உண்மை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாடே கதவை அடைத்துக்கொண்டிருந்த அந்நாட்களில் பரணைத் துப்புரவு செய்யும் சாக்கில் பெட்டியை இறக்கினோம். மும்பையின் மழைக்காலங்கள் முப்பத்தாறையும் தாங்கிய பெட்டி அது. நாங்கள் அந்தக் காலத்தில் பயன்படுத்தியது வச்சிரப்பசை. ஈரத்தில் அது இளகும் என்பதை எந்தத் தச்சரும் அறிவார், நாங்கள் அறியவில்லை. அடிப்பலகைகள் பல வாய் பிளந்து நின்றன. அப்பிளவுகளினூடே உள்ளே பார்த்தபோதுதான் பழைய குற்றமும் வெளிப்பட்டது. ஏழாவது வங்கு இடப்புறத்தில் அரைக்கால் அங்குலம் புடைத்திருந்தது. மெய்யான கப்பலில் அது ஓர் அடி! இளமையில் அதைக் கண்டும், பலகை மூடிவிட்டால் யார் அறிவார் என்று மூடிவிட்டோம். மூடிய கையும் நம்முடையது, கண்ட கண்ணும் நம்முடையது.

உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றார் தச்சர். கயிற்றுக்காரர் ஒப்பவில்லை. "அந்த வீட்டிலே நாம் பண்ணினதுன்னு இருக்கிறது இது ஒண்ணுதாங்க" என்றார். வங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு பலகைகளை எல்லாம் உரித்தோம். ஏழாவது வங்கைச் சீவிச் சமன் செய்தோம்.

பலகை அடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இளமையில் அதையும் அறியாதிருந்தோம். கப்பலின் நடுவில் வங்கின் சுற்றளவு ஆறு அங்குலம் என்றால், அணியத்தில், அதாவது முன்முனையில், அது நான்குதான் இருக்கும். பலகைகளின் எண்ணிக்கையோ இரு இடத்திலும் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பலகையும் முன்னே போகப்போக மூன்றில் இரண்டு பங்காக ஒடுங்க வேண்டும். இதை அறியாமல் ஒரே அகலத்தில் வளைத்து, கடைசியில் மிஞ்சிய இடத்தில் ஈட்டிபோல் கூராக்கிய துண்டுகளைத் திணித்திருந்தோம். இப்போது ஒவ்வொரு வங்கிலும் காகித நாடாவைச் சுற்றி அளந்து, பலகையின் எண்ணிக்கையால் வகுத்துக் குறித்துக்கொண்டோம். வளைப்பதற்கு வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் மெல்ல அழுத்தினால் போதும். அவசரப்பட்டால் 'சடக்' என்று ஒலி வரும். அவ்வொலியை எத்தனை முறை கேட்டோம் என்பதைச் சபையில் சொல்லமாட்டோம்.

மரம் மஞ்சட்கடம்பு, ரே ரோடு மரக்கடைகளிலிருந்து வந்தது. தேக்கு ஏன் இல்லை என்று அன்பர் ஒருவர் கேட்டார். தேக்கின் இழையோட்டம் பெரிது; 96இல் ஒரு பங்குக் கப்பலில் அது பனைமட்டைபோல் தோன்றும். ஆனால் தேக்கு என்ற சொல் எங்களை வேறொரு கதைக்கு அழைத்துச் சென்றது. அதற்காகவே இவ்வுரைக்கு இசைந்தோம் என்றும் சொல்லலாம்.

எங்கள் பேத்தி ஒருநாள் 'ஷானன்' கப்பலைப்பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இதே வரைபடத்தில் கட்டிய இன்னொரு கப்பல் பம்பாயில் கட்டியிருக்கிறார்கள், இன்னும் மிதக்கிறதாம், பெயர் டிரிங்கோமலி" என்றாள். திருக்கோணமலை! அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை.

'லீடா' வகுப்பு என்று இக்கப்பல்களைச் சொல்வர். 1782இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய 'ஹீப்' என்னும் பிரெஞ்சுக் கப்பலின் உருவைப் பின்பற்றியவை. நெப்போலியப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. பம்பாயிலோ மலபாரின் தேக்கு. அதை அறிந்து கையாளும் பார்சித் தச்சர் குடும்பம். 1736இல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வழியினர் அவர்கள். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். 1812இல் கட்ட ஆணை பிறந்தது. ஆனால் வரைபடத்தைச் சுமந்து வந்த 'ஜாவா' என்னும் கப்பலை அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வென்று அழித்தது. வரைபடமும் கடலுக்குப் போயிற்று. மறுபடி வரைந்து அனுப்பி, 1816இல் பணி தொடங்கியது. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தம் மரபுப்படி ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தார். 1817 அக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது.

பின்னர் 'புத்ரோயன்' என்று பெயர் மாறிப் பல்லாண்டுகள் இளைஞர்க்குப் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1987இல் ஹார்ட்டில்பூல் நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் செப்பனிடப்பட்டது. 1992இல் பழைய பெயரை மீண்டும் பெற்றது. மிதக்கும் நிலையிலுள்ள பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இன்று அதுவே. நாங்கள் நாள்தோறும் அலுவலகம் செல்லும்போது லயன் கேட்டின் மதிலை ஒட்டி நடந்திருக்கிறோம். மதிலுக்கு அப்பால் கடற்படைத் துறை; உள்ளே புக இயலாது. அந்த மதிலின் மறுபுறத்தில் பிறந்த கப்பலின் உடன்பிறப்பைத்தான் மாட்டுங்கா அறையில் கட்டிக்கொண்டிருந்தோம் என்பது தெரியாமலே பதினைந்து ஆண்டுகள் நடந்தோம்.

கப்பலின் பெயரை மாற்றினோம். அதனால் ஒரு சிக்கல். பேத்தி நிழற்படத்தைப் பக்கத்தில் வைத்து, "பின்பக்கம் ஒத்துவரவில்லையே!" என்றாள். உண்மைதான். மெய்யான கப்பலின் பின்புறத்தை 1840களில் மாற்றி அமைத்துவிட்டார்கள், பீரங்கிகளையும் குறைத்துவிட்டார்கள். எங்களுடையது பம்பாயை விட்டுப் புறப்பட்ட தோற்றம்; ஒரு பக்கத்துக்குப் பதினான்கு பீரங்கிச் சாளரங்கள். பெயரை எந்த எழுத்தில் பொறிப்பது என்பதில் வீட்டில் மூன்று நாள் வழக்கு நடந்தது. தமிழில் எழுத வேண்டும் என்றார் கயிற்றுக்காரர். இருந்தது இருந்தபடி என்றார் தச்சர். முடிவில் கப்பலின்மேல் ஆங்கிலம், கீழே தாங்குமரத்தின் பித்தளைத் தகட்டில் 'திருக்கோணமலை'. தகடு கப்பலைவிட நன்றாகத் தெரிகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

2022இல் தச்சரின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் முதுமை என்று எண்ணினோம். நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்றார். மருந்து உட்கொண்டபின் காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கை நிலைத்து நிற்கும். பின்னர் தேநீர்க் குவளையே தளும்பும். அன்று மாலை கப்பலை மீண்டும் வேட்டியில் சுற்றத் தொடங்கினோம். யார் முதலில் நிறுத்தியது என்பது இருவருக்கும் நினைவில்லை. சுற்றியதைப் பிரித்து, மேசைமேல் வைத்து, ஒரு பட்டியல் எழுதினோம். கூர்மையான கத்திக்கும் உறுதியான விரலுக்கும் உரிய வேலைகள் எவை? அவை முதலில். பொறுமை மட்டும் போதுமானவை எவை? அவை பின்னர். ஆகவே முறை தலைகீழாயிற்று. தளம் முடியுமுன்பே பீரங்கி வண்டிகள் இருபத்தெட்டும், பாய்மரங்களும், பாய் தொங்கும் பருமல்களும், கயிறு இழுக்கும் முக்கண் கட்டைகளும் சிறு சிறு டப்பாக்களில் நிறைந்தன. இனி வராமல் போகக்கூடிய கைக்கு முன்கூட்டியே வேலை வாங்கிவிட்டோம்.

எஞ்சியது கயிறு. பாய்மரத்தின் இருபுறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளின் குறுக்கே மாலுமி ஏறுவதற்குப் படிகள் கட்ட வேண்டும். ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையே அரைக்கால் அங்குலத்துக்குச் சற்றே மிகுதி. ஒவ்வொரு சந்திப்பிலும் நூலை இருமுறை சுற்றித் தன்னடியிலேயே நுழைத்து இறுக்கும் முடிச்சு. ஒரு பாய்மரத்தின் ஒரு பக்கத்துக்கே இருநூறு முடிச்சுகளுக்கு மேல். எங்களுள் கயிற்றுக்காரர் ஐம்பதாண்டுகளாக மல்லிகை தொடுத்தவர். ஒரே நாளில் அம்முடிச்சைக் கற்றார். பூத்தொடுப்பதற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை என்கிறார். தச்சருக்குக் கிடைத்தது, நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தரும் எடுபிடி வேலை.

ஒன்றில் மட்டும் மழை எங்களை ஏமாற்றியது. பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும். ஆகஸ்டில் விறைப்பாய்க் கட்டி மகிழ்ந்த கயிறெல்லாம் டிசம்பரில் தொய்ந்து கொடியில் உலர்த்திய துணிபோல் ஆடின. முதற்பாய்மரத்தின் கயிறுகள் முழுவதையும் அவிழ்த்து மீண்டும் கட்டினோம். இப்போது மழைக்காலத்தில் கயிற்றைத் தொடுவதில்லை.

கப்பல் இன்று இம்மண்டபத்தின் வாயிலில் மேசைமேல் இருக்கிறது. முன்பாய்மரமும் நடுப்பாய்மரமும் முடிந்தன. பின்பாய்மரம் வெறுமையாய் நிற்பதைக் காண்பீர்கள். கயிற்றுக்காரரின் இடக்கண்ணில் புரை முற்றியிருக்கிறது. அடுத்த மாதம் அறுவை. அதுவரை முடிச்சுப் போட ஆளில்லை. காலனியில் பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் எவரேனும், பூத்தொடுக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம். பத்து மணிவரை தச்சரின் கை நன்றாயிருக்கும். மெழுகிட்ட நூல் ஆயத்தமாக இருக்கும். சிற்றுண்டியும் உண்டு.