தோளிற் பட்ட காயமும் ஏட்டில் எழுதும் சொல்லும்



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிவந்த சமுதாயம் நம்முடையது. அவ்விரண்டையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என் தொழில். பள்ளிக்கூடத்துக்கு அப்பால், வைத்தியசாலையிலும் ஒருவருடைய பிழைப்பைக் காக்கவோ கெடுக்கவோ அவை வல்லன என்பதை, மன்னார்க் கரையோர மக்களின் தோளை முன்வைத்து இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை எனத் தீவிலும், வங்காலை, அரிப்பு, சிலாபத்துறை எனப் பெருநிலக் கரையிலும் வாழ்வோரிற் பலருக்குத் தோள்வலிமையே முதல். கரைவலைக் கயிற்றைப் பற்றி மணலிற் காலூன்றிப் பின்னோக்கி இழுப்பவர், வள்ளத்தைக் கரையேற்றுபவர், உப்பு மூடை சுமப்பவர், பனையேறுபவர் ஆகிய எல்லோருக்கும் கை உயராத நாள் அடுப்பு எரியாத நாள்.

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நாரைத் தசைநாண் என்பர். மேற்கையின் முன்புறத்தில் இருதலைத் தசையும் பின்புறத்தில் முத்தலைத் தசையும் உள்ளன. இருதலைத் தசையின் நீண்ட தலை தோள்மூட்டினுள்ளே சென்று எலும்பிற் பொருந்துகின்றது. இவையன்றி, நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றுசேர்ந்து தோள்மூட்டை ஓர் உறைபோலச் சூழ்ந்துள்ளன. பாரம் இழுக்கையில் நீண்ட தலையின் நாண் அறுந்தால், அறும் ஓசை சிலருக்குக் கேட்கும், கை கன்றிப்போகும், தசை கீழ்நோக்கிச் சுருண்டு முட்டைபோற் புடைக்கும். உறையின் நாண் கிழிந்தாலோ வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. கையைத் தலைக்கு மேலே தூக்குவதுதான் அரிதாகும். வயது ஏற ஏற நாண் மெல்லத் தேய்ந்து கிழிதலும் உண்டு. இருதலைத் தசையின் நாண் முழங்கைப் பக்கத்தில் முற்றாக அறுந்து சத்திரசிகிச்சை தேவைப்படின், அதனைச் சில வாரங்களுக்குள் செய்வது நலம். காலந் தாழ்த்தினால் நாண் சுருங்கிவிடும், வேலை கடினமாகும்.

இனி ஏட்டிற்கு வருவோம். இத்தகைய காயத்தோடு வந்தவர், "டொக்டர், தோள்மூட்டு நோகுது" என்று சொல்லி நிறுத்திவிடுகின்றார். வெளியே நீண்ட வரிசை காத்திருக்கின்றது. சீட்டிலும் "தோள்வலி" என்ற ஒரு சொல்லே ஏறுகின்றது. அச்சொல் பின்னர் எங்கெங்கே செல்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோய்களுக்கும் காயங்களுக்கும் உலகெங்கும் பொதுவான குறியீடுகள் உள்ளன. 1893ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பெர்ட்டியோன் மரண காரணங்களுக்கு வகுத்த பட்டியலே இதன் வித்து. 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பொறுப்பேற்று, உயிரோடிருப்பவரின் நோய்களையும் காயங்களையும் அதிற் சேர்த்தது. பத்தாவது திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. பதினோராவது திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டு வைத்தியசாலைகளின் புள்ளிவிவரத் திரட்டு பத்தாவது திருத்தத்தைத் தழுவி அமைந்தது.

அப்பட்டியலில் தோள், மேற்கை ஆகியவற்றின் தசை, நாண் காயங்களுக்குரிய இலக்கம் எஸ் 46 ஆகும். தோளுறை நாணாயின் 46.0, இருதலைத் தசையின் நீண்ட தலையாயின் 46.1; அத்தசையின் ஏனைய பகுதியாயின் 46.2, முத்தலைத் தசையாயின் 46.3. எதுவென்று எழுதப்படாத காயம் 46.9 என்னும் பொதுக்குழியில் விழும். விபத்தின்றி வந்த தோளுறை நோய்க்கு எம் 75.1 என்றும், வழக்கமான விசைக்கே தானாக அறுந்த நாணுக்கு எம் 66 என்றும் வேறு இலக்கங்கள் உள்ளன. "மூட்டுவலி" என்று மட்டும் எழுதினால் அது எம் 25.5 ஆகின்றது, அங்கே காயம் என்ற எண்ணமே மறைந்துவிடுகின்றது. குறியீடு இடும் உத்தியோகத்தர், வைத்தியர் எழுதியதற்கு மேலாக ஊகித்து எழுதலாகாது. எழுதாத காயம் ஏட்டளவில் நேராத காயமே.

இதனால் வரும் நட்டம் சிறிதன்று. கூலிக்கு உழைப்பவர் வேலையின்போது நேர்ந்த விபத்தினாற் காயமுற்றால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கோரலாம். குறியீடு மட்டும் வழக்கைத் தீர்ப்பதில்லை. ஆயினும் குறியீட்டுக்கு ஆதாரமான அதே சொற்கள்தாம் ஆணையாளர் முன்னிலையிற் சான்றாக நிற்கும். "உப்பு மூடை தூக்குகையில் வலத்தோள் நாண் அறுந்தது" என்று அன்றைக்கே எழுதிய வரி பேசும். "தோள்வலி" என்ற சொல், அது தேய்வினால் வந்த பழைய நோவென்று எதிர்த்தரப்பார் வாதிட இடங்கொடுக்கும்.

அமெரிக்க நாட்டில் 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், இப்பட்டியலின் விரிந்த வடிவமொன்று வழங்குகின்றது. அங்கே இக்காயத்துக்குரிய குறியீடு ஏழு இடங்கள் கொண்டது; வலக்கையா இடக்கையா, முதற் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பவற்றையும் அது காட்டும். நம் நாட்டுத் திரட்டுக்கு அடிப்படையான உலகப் பட்டியலில் எஸ் 46 இலக்கங்கள் நான்கு இடங்களோடு நின்றுவிடுகின்றன; வலம் இடம் குறிக்க அங்கே இடமில்லை. ஆகவே எந்தக் கை என்பதை அறியக் கையெழுத்தையே நம்பவேண்டியுள்ளது. மன்னாரிலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பப்படும் நோயாளிக்காக, அங்கே முதலிற் பேசுவது அவர் கையிலுள்ள கடிதமே.

இன்னொரு குறையும் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளிலிருந்து சுகாதார அமைச்சுக்குச் செல்லும் நோய்த் திரட்டு, விடுதியில் அனுமதிக்கப்பட்டோரைப் பற்றியது. அதிற் காயங்களே பல ஆண்டுகளாக முன்னிலையில் நிற்கின்றன. ஆனால் நாண் கிழிந்தவரிற் பலர் வெளிநோயாளர் பிரிவில் மாத்திரை பெற்று வீடு திரும்புகின்றனர். அவர்கள் அத்திரட்டில் இடம்பெறுவதில்லை. கணக்கில் வராத நோவுக்காகச் சத்திரசிகிச்சை நிபுணரையும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரையும் கூடுதலாக வேண்டுவது எங்ஙனம்?

இக்கடலிற் கணக்கு வைப்பது புதிதன்று. 1905ஆம் ஆண்டின் முத்துச் சலாபத்தில் மரிச்சுக்கட்டிக் கரையில் எட்டுக் கோடி சிப்பிகள் வரையில் எண்ணப்பட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் எனப் பிரிக்கப்பட்டன. சிப்பியை அவ்வளவு கவனமாக எண்ணத் தெரிந்த நாம், அதனைக் கரைசேர்த்த தோளையும் எண்ணக் கற்றல் வேண்டும்.

அதற்கு நேயர்கள் செய்யத்தக்கது எளிது. வைத்தியரிடம் ஐந்து விடயங்களைத் தவறாது சொல்லுங்கள்: எந்தக் கை, எந்த நாள், என்ன வேலை செய்கையில், அவ்வேளை எதனை உணர்ந்தீர்கள், முன்னர் அத்தோளில் நோவு இருந்ததா. பழைய நோவு இருந்தால் மறைக்கவேண்டாம். உண்மையே சிகிச்சைக்கும் துணை, சான்றுக்கும் துணை. நோய் நிர்ணய அட்டையைப் பெற்றதும் வீட்டிற் படிக்கும் பிள்ளையைக்கொண்டு வாசிப்பியுங்கள். கையின் பெயரோ காயத்தின் காரணமோ அதில் இல்லையாயின், மரியாதையோடு கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியையும் கடிதங்களையும் காணி உறுதியைப் போலப் பேணுங்கள். பல முறை இடம்பெயர்ந்த நம் மக்களுக்கு, தொலைந்த தாளின் விலையை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வைத்தியர்களின் வேலைப்பளுவை நாம் அறிவோம். "வலத்தோள், நீண்ட தலை நாண், வலை இழுக்கையில்" என்று எழுதச் சில வினாடிகள் போதும். அச்சில வினாடிகள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகளுக்கு ஈடாகலாம்.