ஏறுறது எஞ்சின் வேலை, இறங்குறது நம்ம வேலை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளும் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களும் நீக்கப்பட்டுள்ளன.)

கார் பத்தி ஒரு எபிசோட் போடுறேன்னு சொன்னதிலிருந்து இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "ப்ரோ, நம்ம ஊர்ல மசில் கார் வச்சு ஓட்ட முடியுமா?"

சின்ன பதில்: முடியும், காசு இருந்தா. 2016-ல ஃபோர்டு மஸ்டாங் அதிகாரப்பூர்வமா இந்தியாவுக்கு வந்துச்சு. 5 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன், அப்ப ஷோரூம் விலையே 65 லட்சம். என் இ.எம்.ஐ. கணக்குல அது வராது. என்கிட்ட இருக்கிறது வேற வண்டி. 1994 மாடல் ஹிந்துஸ்தான் கான்டெஸா கிளாசிக். சேலத்துல பெரியப்பா வீட்டு போர்ட்டிகோவுல நிக்குது. இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தியும், ஏற்காடு மலைல அது எனக்குக் கத்துக்கொடுத்த பாடத்தைப் பத்தியும்தான்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. மசில் கார்ங்கிற கதையைப் பெரும்பாலும் 1964-லிருந்துதான் ஆரம்பிப்பாங்க. அமெரிக்காவுல பான்டியாக் கம்பெனி, தன்னோட நடுத்தர சைஸ் டெம்பெஸ்ட் காருக்குள்ள 6.4 லிட்டர் வி8 எஞ்சினைத் திணிச்சு, ஜி.டி.ஓ.ன்னு பேர் வச்சு வித்தாங்க. ஃபார்முலா ரொம்ப சிம்பிள்: சாதாரண உடம்பு, அசாதாரண எஞ்சின், இளைஞர்கள் வாங்கக்கூடிய விலை. 1973 எண்ணெய் நெருக்கடி வரும்போது அந்த ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு.

நம்ம கான்டெஸா அந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதோட அசல், இங்கிலாந்தோட வாக்ஸால் விக்டர் எஃப்.இ. வாக்ஸால் 1925-லிருந்தே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கையில இருந்த கம்பெனி. அதனாலதான் அந்த நீள பானட், பின்சக்கர டிரைவ், இடுப்புல லேசா வளைஞ்ச பக்கவாட்டு எல்லாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்த டிசைனை வாங்கி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவுல தயாரிச்சு, 1984-ல விற்பனைக்குக் கொண்டுவந்தாங்க.

ஆனா உள்ள வச்ச எஞ்சின்? அம்பாசடரோட அதே 1.5 லிட்டர். சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பு, பள்ளிக்கூடப் பையன் நெஞ்சு! அப்புறம்தான் ஜப்பானோட இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்துச்சு. அது 90-ஐத் தொடாது, கிட்ட வரும். இன்னைக்கு 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்கே அந்த அளவுக்கு வந்துடுது. 2002-ல உற்பத்தி நின்னுபோச்சு.

அப்ப இதை ஏன் எல்லாரும் 'இந்திய மசில் கார்'னு கூப்பிடுறாங்க? பார்த்தா அப்படித் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தோற்றத்துல நானும் மயங்கினவன். என் தப்பே அங்கதான் ஆரம்பிச்சது.

பெரியப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இந்தக் கார்தான் அவர் புதுசா வாங்கின முதல் வண்டி, கடைசி வண்டியும் அதுதான். சின்ன வயசுல மே மாசம் ஏற்காடு கோடை விழாவுக்கு ஏழு பேர் இதுல அடைஞ்சு போவோம். நான் பின்சீட்டுல ஜன்னல் ஓரம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணையும் சத்தமா எண்ணிக்கிட்டே போறது என் டியூட்டி. மொத்தம் 20.

2021-ல முட்டிவலி அதிகமாகி, அவரால கிளட்ச் மிதிக்க முடியலை. சாவியை என் கையில கொடுத்துட்டுச் சொன்னார்: "ஓட்டு கண்ணு. நிக்க விட்டா செத்துப்போயிரும்."

நான் பெங்களூர்ல வேலை பார்க்கிறேன். மாசத்துக்கு ரெண்டு தடவை சேலம் வருவேன். வண்டி கைக்கு வந்ததும் என்ன பண்ணேன் தெரியுமா? பெயின்ட் அடிச்சேன். அலாய் வீல் மாட்டினேன். சீட் தைச்சேன். ப்ளூடூத் ஸ்டீரியோ வச்சேன். ஒரு லட்சத்துக்கு மேல போச்சு. ஃபோட்டோ எடுத்துப் போட்டேன், லைக்ஸ் குவிஞ்சது. அப்ப மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து பார்த்துட்டு, "தம்பி, பிரேக் ஆயில் கறுத்துப்போயிருக்கு, மாத்திடலாமா?"ன்னு கேட்டார். "அடுத்த தடவை பார்க்கலாம்ணா"ன்னுட்டேன். டவுனுக்குள்ள பிரேக் நல்லாத்தானே பிடிக்குது!

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். யூசர் கண்ணுக்குத் தெரியுற ஸ்க்ரீனை மட்டும் பளபளன்னு வச்சுட்டு, பேக்கெண்ட் பிரச்சினையை அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளுறோம்ல, அதேதான்.

2023 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியப்பா என் பக்கத்துல, பெரியம்மாவும் தங்கச்சியும் பின்னாடி. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம். அங்கிருந்து ஏத்தம்.

ஏறும்போது பழைய கார்பரேட்டர் வண்டி நம்மகிட்ட பேசிக்கிட்டே வரும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, ஒவ்வொரு வளைவுலயும் தோள்பட்டையால திருப்பணும். ஒரு கண்ணு ரோட்டுல, இன்னொரு கண்ணு டெம்பரேச்சர் முள்ளுல. மேல போகப் போக எஞ்சின் கொஞ்சம் சோர்ந்துபோறதும் தெரியும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்க காத்தோட அடர்த்தி கடலோரத்தை விடச் சுமார் 14 சதவீதம் கம்மி. புது வண்டியில கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி பெட்ரோலைக் குறைச்சுக்கும். கார்பரேட்டருக்கு அதெல்லாம் தெரியாது, கீழ கொடுத்த கணக்குலயே மேலயும் கொடுக்கும். அதனால ஏரிக்கரையில நிறுத்தும்போது லேசா பெட்ரோல் வாசம் அடிச்சது.

ஆனா அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்காகத்தான் இந்த வண்டி எல்லாம். காபி பழம் பறிக்கிற சீசன். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறி நிக்குது, நடுவுல பனி. லூப் ரோடு முழுக்க ஜன்னலை இறக்கி விட்டு 30-லயே ஓட்டினோம். பகோடா பாயின்ட்ல ஒரு பையன் வந்து, "அண்ணா, இது மஸ்டாங்கா?"ன்னு கேட்டான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பெரியப்பா, "அதுக்கு அண்ணன்"னார். பெரியம்மா மலை ஆரஞ்சு ரெண்டு கிலோ வாங்கினாங்க.

சாயங்காலம் நாலு மணிக்கு இறக்கம்.

மூணாவது கியர், காலு பிரேக் மேல. பேசிக்கிட்டே, லேசா மிதிச்சுக்கிட்டே வர்றேன். வளைவுகளை இப்ப தலைகீழா எண்ணுறேன்: 20, 19, 18... பன்னிரண்டு தாண்டினப்ப ஒரு கருகல் வாசனை. முன்னாடி போற லாரின்னு நினைச்சேன். ஒன்பதாவது வளைவு கிட்ட பிரேக் மிதிச்சா, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. வண்டி நிக்கலை.

அந்த ரெண்டு மூணு செகண்ட் எனக்கு இன்னும் கனவுல வருது. பின்னாடி ஒரு பஸ். வலது பக்கம் தடுப்புச் சுவர், அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை. பெரியப்பா கத்தலை. டாஷ்போர்டுல ஒரு கையை ஊனிக்கிட்டு, "ரெண்டாவது போடு. விட்டு விட்டு மிதி. பதறாத கண்ணு"ன்னார். ரெண்டாவது போட்டதும் எஞ்சின் ஓன்னு அலறுச்சு, வேகம் குறைஞ்சது. பெடலை அடிச்சு அடிச்சு மிதிச்சேன், கொஞ்சம் பிடிச்சது. ஹேண்ட்பிரேக்கை மெதுவா இழுத்து, மலைப் பக்கம் ரோடு அகலமா இருந்த இடத்துல ஓரம் கட்டினேன்.

யாரும் எதுவும் பேசலை. பெரியம்மா ஒரு ஆரஞ்சை உரிச்சு என் கையில வச்சாங்க. கை நடுங்குறதுல சுளை கீழ விழுந்துச்சு.

சரி, என்ன நடந்துச்சு? இதைக் கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா இது கான்டெஸாவுக்கு மட்டுமில்லை, நீங்க ஓட்டுற எந்தக் காருக்கும் பொருந்தும்.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆளுங்களோட சேர்த்து வண்டி எடை 1,400 கிலோன்னு வைங்க. மேல ஏத்தின அவ்வளவு சக்தியும் கீழ வரும்போது வெப்பமா மாறி எங்கேயாவது போயாகணும். கணக்குப் போட்டா சுமார் நாலரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 2,000 வாட் கீசரை ரெண்டேகால் மணி நேரம் ஓட விட்டா வர்ற சூடு. காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும். மீதி எல்லாத்தையும் முக்கால் மணி நேரத்துல நாலு சக்கரத்து பிரேக்குக்குள்ள அனுப்பணும்னுதான் நான் கால்ல மிதிச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழ கொதிக்கக் கூடாதுன்னு தரநிலை. ஈரம் ஏறின ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்க மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குறதோட நின்னுடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சானது அதனாலதான்.

கீழ் கியர்ல இறங்கினா, அந்தச் சக்தியில பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கும், பிரேக் தப்பிச்சுக்கும். லாரி டிரைவருங்க சொல்ற பழைய விதி: எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல மட்டும் இறங்கிடாதீங்க. ஒண்ணு ரெண்டு மிதிக்கு அப்புறம் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது.

முக்கால் மணி நேரம் ஆற விட்டோம். சூடான சக்கரத்துல தண்ணி ஊத்தப் போனேன், பெரியப்பா தடுத்துட்டார், டிஸ்க் விரிசல் விட்டுடும்னு. அப்புறம் ரெண்டாவது கியர்லயே நத்தை மாதிரி வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த வாரமே சென்னை புதுப்பேட்டையில அலைஞ்சு மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் தேடி எடுத்தேன். மொத்த வேலையும் பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சது. நான் தள்ளிப்போட்ட அந்த ஆயில் பாட்டில் விலை ஐந்நூறு கூட இல்லை.

அப்புறம் படிச்சப்பத்தான் தெரிஞ்சது, இது மசில் கார்ங்களோட குலவியாதி. நான் சொன்ன 1964 ஜி.டி.ஓ. இருக்குல்ல, 300 குதிரைத்திறனுக்கு மேல. அதுக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தான். முன் டிஸ்க் வேணும்னு கேட்டு வாங்க 1967 வரைக்கும் காத்திருக்கணும். எவ்வளவு வேகமா போகும்னு விளம்பரம் பண்ணாங்க, நிக்கிறது பின்னாடிதான் வந்துச்சு. நானும் அதே வரிசையிலதான் செலவு பண்ணியிருக்கேன்.

பழைய கார் வாங்கலாம்னு இருக்கிறவங்களுக்கு நாலு விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பார்க்க நல்லா இருந்தாலும் மாத்துங்க.

ரெண்டு, பெட்ரோல் ஹோஸ். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 90-கள்ல வந்த ரப்பர் அதுக்காகச் செஞ்சதில்லை. ஹோஸ், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் தாங்குற வகைக்கு மாத்திடுங்க.

மூணு, பேப்பர். 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 2022-ல 600-லிருந்து 5,000 ஆச்சு. 2025-ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. நான் 2024-ல புதுப்பிச்சேன், அடுத்தது 2029. 'விண்டேஜ்' பட்டியல்ல சேரணும்னா 50 வயசு ஆகணும், என் வண்டிக்கு அது 2044-ல. அதுவரைக்கும் பழைய வண்டிக்கான கட்டணம் உண்டு, பாரம்பரிய வண்டிக்கான மரியாதை கிடையாது.

நாலு, எஞ்சின் மாத்துறது. கான்டெஸாவுல பெரிய ஜப்பான் எஞ்சின் போட்ட வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சத்தை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.-ல இருக்கிற எஞ்சின் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க.

போன வருஷம் ஒருத்தர் அப்படி எஞ்சின் மாத்தத்தான் என் வண்டியை விலைக்குக் கேட்டார். நல்ல விலை. பெரியப்பாகிட்ட சொன்னேன். "உன் வண்டி, உன் இஷ்டம்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "வித்தாலும் அந்தாளுகிட்ட பிரேக் பத்திச் சொல்லிட்டு வித்துடு"ன்னார். நான் விக்கலை.

இந்த ஜனவரியில திரும்பவும் ஏற்காடு போனோம், அதே நாலு பேர். இறங்கும்போது 20-வது வளைவுலயே ரெண்டாவது கியர். ஏறி வர்ற வண்டிக்கெல்லாம் ஒதுங்கி வழி விட்டேன், அதான் விதியும். பின்னாடி வந்தவங்க ஹாரன் அடிச்சாங்க, அடிக்கட்டும். பதினொண்ணாவது வளைவுல ஏதோ கேட்கலாம்னு பெரியப்பா பக்கம் திரும்பினேன்.

மனுஷன் நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தார். என் டிரைவிங்குக்கு இதுவரைக்கும் கிடைச்சதுலயே பெரிய சர்டிஃபிகேட் அதுதான்.

சரி மக்களே, உங்க வண்டியில பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்க. பதில் தெரியலைன்னா, அடுத்த மலைக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.