கடலில் வழி சொல்லும் கருவி



அந்தமான் நிகோபார் தீவுகளில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பலரிடம் இன்று ஒரு சிறு கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். அதன் பெயர் ஜி.பி.எஸ். படகு எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்றும் சொல்லும். ஆனால் அது எண்ணாகத்தான் சொல்லும். எண்ணைத் தப்பாகப் படித்தால், கருவி இருந்தும் படகு வேறு இடத்துக்குப் போய்விடும்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கிறது. குறைந்தது நான்கு கோள்களின் அறிவிப்பு கருவிக்குக் கிடைக்க வேண்டும். அப்போதுதான் அது இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும்.

"டவர் கிடைக்கவில்லை, ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்யும்?" என்று சிலர் கேட்பார்கள். போன் டவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டவரே இல்லாத நடுக்கடலிலும் இது வேலை செய்யும். கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ்.ஸும் அப்படித்தான். ஆனால் கைபேசியில் வரைபடம் தெரிய வேண்டுமானால், கரையில் இருக்கும்போதே அதை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பல மாதம் மூடி வைத்த கருவி உடனே இடத்தைச் சொல்லாது. கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கோள்கள் எங்கே இருக்கின்றன என்று அது புதிதாகத் தேட வேண்டும். திறந்த வெளியில், வானம் தெரியும்படி, அசையாமல் வைத்தால் சில நிமிடங்களில் பிடித்துவிடும். படகுக் கூரைக்கு அடியில் வைத்தால் பிடிக்காது. புறப்படும் முன் கரையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி எண்ணுக்கு வருவோம். பெரும்பாலான தொல்லை இங்கேதான்.

பூமியின் மேல் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோடுகளை டிகிரி என்று எண்ணுகிறார்கள். ஒரு டிகிரிக்கு 60 மினிட். ஒரு மினிட்டுக்கு 60 செகண்ட். இது கடிகார மினிட் அல்ல, தூரத்தின் மினிட். வடக்கு தெற்காக ஒரு மினிட் என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.

ஒருவர் காகிதத்தில் 11 டிகிரி 30 மினிட் என்று எழுதிக் கொடுக்கிறார். படகுக்காரர் அதைக் கருவியில் 11.30 என்று போடுகிறார். கருவி புள்ளிக் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு 11.30 என்றால் 11 டிகிரி 18 மினிட். 30 மினிட் என்பது அரை டிகிரி, அதை 11.50 என்று போட்டிருக்க வேண்டும். வித்தியாசம் 12 மினிட். அதாவது 22 கிலோமீட்டர்! இரவு நேரத்தில், பவளப்பாறை நிறைந்த கடலில், 22 கிலோமீட்டர் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று படகு ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செட்டப் பக்கத்தில் 'பொசிஷன் ஃபார்மட்' என்ற வரியை முதலில் பார்க்க வேண்டும். காகிதத்தில் எண் எப்படி எழுதியிருக்கிறதோ, கருவியிலும் அப்படியே வைக்க வேண்டும். அங்கேயே 'மேப் டேட்டம்' என்றொரு வரி இருக்கும். அதில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்தால் இடம் சில நூறு மீட்டர் தள்ளித் தெரியலாம். தூரம் கடல் மைலிலா கிலோமீட்டரிலா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

எண் சரியாக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி நேர்க்கோடுதான் போடும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, வண்டூர் போகக் கேட்டால் அது தரைக்கு மேலேயே கோடு போட்டுக் காட்டும். படகோ தெற்கே சுற்றித்தான் போக வேண்டும். அதனால் வழியில் இரண்டு மூன்று பாயின்ட் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவதே சரி.

பாறை எங்கே என்றும் கருவிக்குத் தானாகத் தெரியாது. உள்ளே இருக்கும் வரைபடம் சொல்வதைத்தான் அது சொல்லும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கத்தில் கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வடக்கு அந்தமானிலோ தரை உயர்ந்து, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்தன. பழைய வரைபடத்தில் உள்ள ஆழத்தை அங்கெல்லாம் நம்ப முடியாது. அந்தக் கடலில் தினமும் போகிற பெரியவர்களின் கண்ணையே நம்ப வேண்டும்.

2006 ஜனவரியில் நடந்த ஒரு துயரம் பலருக்கு நினைவிருக்கும். வடக்கு சென்டினல் தீவுக்கு அருகே இரண்டு மீனவர்கள் இரவில் படகிலேயே தூங்கிவிட்டார்கள். நங்கூரம் பிடிக்கவில்லை. படகு மிதந்து தீவின் கரைக்குப் போனது. தீவு மக்கள் இருவரையும் கொன்றுவிட்டார்கள். அந்த மக்கள் வெளியாரை விரும்பாதவர்கள். நமக்கு வரும் சாதாரணக் காய்ச்சல் கூட அவர்களுக்கு உயிராபத்து. அதனால் 1956ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தத் தீவை நெருங்கவே தடை உண்டு. மீன் எவ்வளவு இருந்தாலும் அங்கே போகக் கூடாது.

படகு நகர்ந்தால் எழுப்பிவிடும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அதற்கு நங்கூர அலாரம் என்று பெயர். நங்கூரம் போட்டதும் அலாரப் பக்கத்துக்குப் போய் ஒரு தூரத்தைக் கொடுக்க வேண்டும். 50 மீட்டர் என்று கொடுத்தால், படகு அதைத் தாண்டியதும் கருவி கத்தும். மிகக் குறைவாகக் கொடுத்தால் அலையில் ஆடும்போதெல்லாம் கத்தும். அந்த எரிச்சலில் அதை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு! கயிற்றின் நீளத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பீப் ஒலி அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தாலும் ஒருவராவது விழித்திருக்கத்தான் வேண்டும்.

சில பழைய கருவிகள் தேதியை இருபது ஆண்டு முன்னால் காட்டுகின்றன. ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரைதான் எண்ணும். பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படித் தொடங்கியது. தேதி தப்பாக இருந்தாலும் பெரும்பாலும் இடம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கருவி சொல்லும் ஓத நேரத்தை நம்பக் கூடாது. அது தேதியைக் கொண்டு போடும் கணக்கு.

உப்புத் தண்ணீர் கருவிக்குப் பகை. பேட்டரி மூடியில் உள்ள ரப்பரில் மணல் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். கரை வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். மாற்று பேட்டரி பாலித்தீன் பையில் கட்டிக் கூடவே இருக்கட்டும்.

பேட்டரி தீர்ந்தால் கருவியும் ஊமைதான். அதனால் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் படகில் வேண்டும். பேனா மை நனைந்தால் அழிந்துவிடும். புறப்பட்ட துறையின் எண்ணை முதல் வரியில் எழுத வேண்டும். பிறகு மணிக்கு ஒரு தரம், நேரத்தையும் கருவி காட்டும் இரண்டு எண்களையும் எழுத வேண்டும். ஆபத்து வந்தால் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். டவர் இல்லாத இடத்தில் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். அவர்கள் முதலில் இடத்தைத்தான் கேட்பார்கள். நோட்டைப் பார்த்து, வடக்கு எண்ணை முதலிலும் கிழக்கு எண்ணை அடுத்தும், ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு எழுதியது என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீரோட்டம் படகை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டுத் தேடி வருவார்கள்.