பிள்ளைகளின் பல்லும் மூச்சும் உறக்கமும்

(நமது மக்தப் மதரஸா பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் பிள்ளைகளின் வருகையைப் பற்றியும் ஓதலைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு அவர்களுடைய பற்களைப் பற்றிப் பேச நாடியுள்ளோம். பல் வைத்தியத்திற்கும் இமாமுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிடம் நேர்ந்த ஒரு தவறுதான் இத்தலைப்பை நமக்குத் தந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓதி வந்தான். சுபுஹுத் தொழுகைக்குப் பின் நடைபெறும் வகுப்பில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே தூங்கி விழுவான். அவனுடைய வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நூன், மீம் ஆகிய எழுத்துகளுக்குரிய குன்னா அவனுக்கு வரவே வராது. மீம் எழுத்து பா போலவும், நூன் எழுத்து தால் போலவும் ஒலிக்கும். பலமுறை திருத்தினோம். திருந்தாதபோது கடிந்து கொண்டோம். எழுப்பி நிற்க வைத்தோம். "இரவெல்லாம் டிவி பார்க்கிறாயா?" என்று மற்றப் பிள்ளைகள் நடுவே கேட்டோம். அவன் பதில் சொல்லாமல் தலை குனிந்து நின்றான்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவனுடைய பாட்டியார் பள்ளிவாசல் வாயிலுக்கு வந்தார்கள். "ஹஜ்ரத், பேரன் பெரிய ஆளைப் போலக் குறட்டை விடுகிறான். நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது. நான் தூங்காமல் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார்கள். நாம் துஆச் செய்து தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். அதில் தவறில்லை. "மருத்துவரிடமும் காட்டுங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லாமல் அனுப்பினோமே, அதுதான் தவறு. பல மாதங்கள் வீணாயின.

பிறகு அவன் படித்த பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. அவனுடைய வாயைப் பார்த்த பல் மருத்துவர், சொத்தையைப் பற்றிக் கேட்பதற்கு முன், "இவன் இரவில் குறட்டை விடுகிறானா?" என்று கேட்டாராம். மேல் அண்ணம் குறுகி உயர்ந்திருந்ததும், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நின்றதும், ஈறுகள் உலர்ந்து சிவந்திருந்ததும் அவருக்கு அக்கேள்வியைத் தந்தன. அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றார்கள். மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையின் டான்சில்களும் பெருத்து மூச்சு வழியை அடைத்திருப்பது தெரிந்தது.

மூக்கு அடைபட்ட பிள்ளைக்குக் குன்னா எப்படி வரும்? குன்னாவின் மக்ரஜ் கைஷூம், அதாவது மூக்கின் உட்பகுதி என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய நமக்கு அது உறைக்கவில்லை.

பெற்றோர்களே! நம் வாயின் கூரைதான் மூக்கின் தரை. மேல் அண்ணம் ஒரே எலும்புத் தட்டு. அதன் கீழ்ப்புறம் வாய், மேற்புறம் மூக்கு. அண்ணம் அகன்றிருந்தால் பற்கள் வரிசையாக நிற்க இடம் கிடைக்கும். மூக்கின் வழியும் அகன்றிருக்கும். அண்ணம் குறுகினால் இரண்டுமே நெருக்கடிக்கு உள்ளாகும். ஆகையால்தான் பல் மருத்துவர் ஒரு பிள்ளையின் மூச்சைப் பற்றி அறிய முடிகிறது.

அல்லாஹ் மூக்கை வீணாகப் படைக்கவில்லை. அது காற்றிலுள்ள தூசியை வடிகட்டுகிறது. காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. வாய் இவ்வேலையைச் சரிவரச் செய்யாது. பிள்ளை வாயால் மூச்சு விட்டால் உமிழ்நீர் உலர்ந்து போகிறது. பற்களைக் காப்பது உமிழ்நீர். அது வற்றினால் சொத்தையும் ஈறு வீக்கமும் எளிதில் வருகின்றன. மேலும், வாயை மூடியிருக்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் படிந்திருக்கும். வளரும் பருவத்தில் அண்ணம் அகலமாக உருவாவதற்கு அது துணை செய்கிறது. வாய் திறந்தே இருக்கும் பிள்ளைக்கு நாக்கு கீழே தங்கிவிடுவதால், அண்ணம் குறுகவும் முகம் நீளவும் பற்கள் நெருங்கவும் வாய்ப்பு உண்டாகிறது. குறுகிய அண்ணம் மூச்சை மேலும் கடினமாக்குகிறது.

உறக்கத்தில் மூச்சு தடைபடும் பிள்ளை நிம்மதியாக உறங்குவதில்லை. மூச்சுக்காக மூளை அவனை மீண்டும் மீண்டும் அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. பத்து மணி நேரம் படுத்திருந்தும் அவன் உறங்கியவனாக மாட்டான். பகலில் பெரியவர்கள் சோர்ந்து படுப்பார்கள். பிள்ளைகளில் பலர் அதற்கு மாறாக நிலைகொள்ளாமல் ஓடுவார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் கவனம் இழப்பார்கள். நாமோ "அடங்காத பிள்ளை" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை இத்தகைய உறக்க மூச்சுத் தடைக்கு ஆளாவதாக மருத்துவர்கள் கணிக்கிறார்கள். நம் மக்தபிலும் அத்தகையவர் இருக்கக்கூடும்.

எனவே இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்கும்போது சிறிது நேரம் அருகில் அமர்ந்து கவனியுங்கள். வாரத்தில் பல இரவுகள் குறட்டை விடுகிறானா? மூச்சு நின்று, பிறகு திணறித் தொடர்கிறதா? வாய் திறந்திருக்கிறதா? கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறாளா? வியர்வையில் நனைகிறாளா? பல்லை நறநறவெனக் கடிக்கிறானா? விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் மீண்டும் வந்துள்ளதா? காலையில் தலைவலியோடும் உலர்ந்த வாயோடும் எழுகிறாளா? இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதாலேயே நோய் என்று முடிவு செய்துவிட வேண்டாம். ஆனால் தொடர்ச்சியான குறட்டையை "ஆழ்ந்த தூக்கம்" என்று மெச்சிக் கொள்ளவும் வேண்டாம். முடிந்தால் கைப்பேசியில் ஓரிரு நிமிடம் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் மருத்துவர் ஒருவரே அனைத்தையும் தீர்த்துவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. சதை பெருத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரும், ஒவ்வாமை இருந்தால் குழந்தை நல மருத்துவரும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 464 குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வில், டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பெற்றவர்களில் ஏழு மாதங்களில் 79 சதவீதத்தினருக்கு உறக்க மூச்சு சீரானது. அறுவை இல்லாமல் கண்காணிக்கப்பட்டவர்களிலும் 46 சதவீதத்தினருக்குச் சீரானது. ஆகவே அறுவை தேவையா, காத்திருக்கலாமா என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணம் குறுகிய பிள்ளைகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒரு வழி உண்டு. சிறுவயதில் மேல் அண்ணத்தின் நடுவிலுள்ள பொருத்து இறுகிச் சேர்ந்திருக்காது. மேல் கடைவாய்ப் பற்களில் ஒரு கருவியைப் பொருத்தி, அதன் நடுவிலுள்ள திருகைச் சாவியால் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். ஒரு திருப்பு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சில வாரங்களில் அண்ணம் அகலும்; அதன் மேலுள்ள மூக்கின் தரையும் அகலும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அண்ணம் குறுகிய, சதைப் பெருக்கம் இல்லாத 31 குழந்தைகளுக்கு இம்முறையால் உறக்க மூச்சுத் தடை நீங்கியது. அது சிறிய ஆய்வு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவை என்று கொள்ளலாகாது. பருவ வயதைக் கடந்தால் அப்பொருத்து இறுகிவிடும் என்பதால் காலம் தாழ்த்தாமல் காட்டுவது நன்று. ஏழு வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்புப் பரிசோதனை செய்துவிடுமாறு அத்துறையினர் கூறுகின்றனர்.

செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடியவை பல. "விழப்போகும் பால் பல்தானே" என்ற அலட்சியத்தை விடுவோம். பின்வரிசைப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்பவை. அவை சொத்தையாகி முன்னதாகவே எடுக்கப்பட்டால் அருகிலுள்ள பற்கள் சாய்ந்து, புதிய பல்லுக்குரிய இடத்தைப் பிடித்துக் கொள்ளும். பல்வலி கொண்ட பிள்ளையும் இரவில் உறங்காது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், படுக்குமுன் பல் துலக்குவது மிக அவசியம். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃப்ளோரைடு பற்பசை போதும். துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தர வேண்டாம். பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்கவைக்காதீர்கள். மூன்று வயதுக்கு மேலும் விரல் சூப்பினால் அடிக்காமல் மருத்துவரிடம் யோசனை கேளுங்கள். பிள்ளைகள் உறங்கும் அறையில் பீடி, சிகரெட் புகை வேண்டவே வேண்டாம். ரமலானில் தராவீஹுக்குப் பின் இனிப்பும், ஸஹருக்குப் பின் உடனே உறக்கமும் என்றிருக்கும் பிள்ளைகளுக்கு அவ்விரு நேரமும் பல் துலக்கப் பழக்குங்கள்.

வாயால் மூச்சு விடும் பிள்ளையின் வாயைத் துணியாலோ ஒட்டும் நாடாவாலோ கட்டிப் பழக்கலாம் என்று சிலர் சொல்வதையும் கேள்விப்படுகிறோம். மூக்கு அடைபட்ட பிள்ளைக்கு அது ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நமக்கு இது புதிய போதனையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கை எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள் என்பதும், இரவில் எழுந்தால் வாயைத் துலக்குவார்கள் என்பதும் நாம் அறிந்தவையே. அராக் எனப்படும் உகா மரத்தின் குச்சி அது. ஒளுவில் வாய் கொப்புளிப்பதோடு மூக்கிற்கும் தண்ணீர் செலுத்துகிறோம். வாயையும் மூக்கையும் அடுத்தடுத்துச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்ட சமுதாயம், பிள்ளையின் வாயும் மூக்கும் சொல்லும் செய்தியைக் கேட்காமல் இருக்கலாமா?

நிர்வாகத்தினரிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை மக்தப் பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை ஏற்பாடு செய்ய வேண்டும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் சிறாரைப் பரிசோதிக்க 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் பல் சொத்தையும் அடங்கும். அதனை நம் பெற்றோர் பயன்படுத்திக் கொள்ள வழிகாட்ட வேண்டும். செலவு செய்ய இயலாத வீட்டுப் பிள்ளையின் சிகிச்சைக்கு ஜமாஅத் உதவ வேண்டும். நம் பங்காக ஓர் உறுதி: இனி வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையிடம் கோபிக்கும் முன், அவன் வீட்டாரிடம் விசாரிப்போம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. சுபுஹுக்கு எழ வேண்டிய பிள்ளை இஷாவுக்குப் பின் தாமதமின்றி உறங்க வேண்டுமென்பதை இங்கே வலியுறுத்துகிறோம்.

அந்தச் சிறுவனுக்குச் சதை அறுவையும், பின்னர் அண்ணத்தை அகலமாக்கும் சிகிச்சையும் நடைபெற்றன. அவன் திரும்பி வந்து சில வாரங்கள் கழித்து ஒருநாள், ஓதிக் கொண்டிருக்கையில், மீமுக்குரிய குன்னா தெளிவாக, நிறைவாக ஒலித்தது. ஓதலை நிறுத்தச் சொன்னோம். தவறு செய்துவிட்டோமோ என்று அவன் அஞ்சி எழுந்து நின்றான். அவனை உட்கார வைத்து, முன்பு எந்தப் பிள்ளைகள் நடுவே கடிந்து கொண்டோமோ அதே பிள்ளைகள் நடுவே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். விழித்திருக்கும்போது மட்டுமன்றி, அவர்கள் உறங்கும்போதும் அந்த அமானிதத்தைப் பேணும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.