மூன்று படிகள்

(நன்கொடையாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



புதிய கட்டடத்துக்காகக் கொடுத்தவர்களில் ஒரு பெரியவர் சென்ற மாதம் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐயா, இந்தக் காலத்தில் ஒரு மாடிக்கு 11 அடி போதுமே, நீங்கள் ஏன் 16 அடி எழுப்புகிறீர்கள்? பின்பக்கத்துப் பள்ளத்தை மண் போட்டு நிரப்பாமல் ஏன் தூண்மேல் நிறுத்துகிறீர்கள்? எங்கள் பணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிறதே!"

நியாயமான கேள்வி. உங்கள் எல்லாருக்கும் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். நான் பொறியாளன் அல்ல. ஆனால் நோயாளியோடு ஆப்பரேஷன் தியேட்டரின் கதவு வரை ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடந்து போகிறவன். தரையின் ஏற்ற இறக்கத்தைக் கால்களால் அறிந்தவன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிசெய்த வேறொரு மருத்துவமனையில் ஒரு வார்டை நீட்டிக் கட்டினோம். நிலம் சற்றே சரிவு. பழைய தரைக்கும் புதிய தரைக்கும் ஒன்றரை அடி வித்தியாசம் வந்தது. சாய்தளம் அமைத்தால் 18 அடி நீளம் வேண்டும், இரண்டு கட்டில் போடும் இடம் போய்விடும் என்றார்கள். மூன்று படி வைத்துவிடலாம் என்று கட்டடக் குழு முடிவு செய்தது. அதில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

கட்டடம் திறந்த சில மாதங்களில், வயிற்றில் அறுவை முடிந்த ஓர் இளம் தாயை அந்த வழியே கொண்டுவந்தார்கள். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் மிச்சப்படுத்திய பணத்துக்கு வட்டி கட்டியவள் அவள்தான். அந்த இரண்டு கட்டில்களை நான் அன்றிலிருந்து லாபமாகக் கணக்கிட்டதில்லை.

இப்போது நமது இடத்துக்கு வருவோம். நமது பழைய கட்டடம் மின்விசிறி வராத காலத்தில் கட்டப்பட்டது. சூடான காற்று மேலே போகட்டும் என்று முன்னோர் ஒரு மாடிக்கு 16 அடி உயரம் வைத்தார்கள். அதன் பக்கத்தில் 11 அடி மாடியாகப் புதிய கட்டடம் எழுப்பினால், கீழ்த்தளம் சேரும். மேல்தளம் 5 அடி தாழ்ந்து நிற்கும். சக்கர நாற்காலி போகும் சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பொது விதி. 5 அடிக்கு 60 அடி! இல்லையென்றால் மறுபடியும் படிகள்தான்.

ஆகவே புதிய கட்டடத்துக்கும் 16 அடியே என்று தீர்மானித்தோம். அந்த உயரம் வீணாகவில்லை. கீழ்த்தளத்தில் தியேட்டர் வருகிறது. உள்கூரை 10 அடியில் நிற்கும். அதற்குமேல் குளிர்காற்றுக் குழாய்களுக்கும் விளக்குத் தாங்கிகளுக்கும் பழுதுபார்க்க ஆள் நுழைவதற்கும் இடம் வேண்டும். மேல்தளத்தில் பழைய வார்டும் புதிய வார்டும் ஒரே தரையாகச் சேரும். அதோடு பழைய கட்டடத்தில் முன்னோர் அமைத்த 192 அடிச் சாய்தளம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். புதிதாக ஒன்று கட்ட வேண்டியதில்லை. லிஃப்டும் உண்டு. ஆனால் தீப்பிடித்தால் லிஃப்டை நம்பக் கூடாது, சாய்தளத்தை நம்பலாம்.

இனி அந்தப் பள்ளம். பழைய முற்றத்திலிருந்து பின்வேலி வரை நிலம் 5 அடி இறங்குகிறது. மேஸ்திரி கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தபோது எங்களுக்கே வியப்பு. நடக்கும்போது அது தெரிவதே இல்லை. நூறு அடி நீளமும் அறுபது அடி அகலமுமான இடத்தைச் சமன்செய்ய 15,000 கன அடி மண் வேண்டும். இரண்டு யூனிட் லாரியில் 75 நடை. புதிதாகக் கொட்டிய மண் நாளடைவில் அமுங்கும். அதன்மேல் போட்ட தரை விரியும். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மழைநீர் அந்தச் சரிவு வழியாகத்தான் குளத்துக்குப் போகிறது. நாம் அதை அடைத்தால் அது அடுத்த தெருவிலுள்ள ஏழைகளின் வீட்டுக்குள் போகும். நோயாளியைக் காப்பாற்றக் கட்டும் கட்டடம் அயலானை நனைக்கலாமா? ஆகவே கடைக்காலை அடியிலுள்ள கெட்டி மண் வரை இறக்கி, தூண்மேல் நிறுத்தி, தண்ணீரின் வழியைத் தண்ணீருக்கே விட்டோம்.

அந்தத் தூண்களுக்கிடையே ஜெனரேட்டரை வைக்கலாமே என்று ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். சென்னையில் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, ஆற்றோர மருத்துவமனை ஒன்றின் ஜெனரேட்டர் அறைக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. ஆனால் எண்ணெய் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கிவிட்டன. ஊழியர்கள் வரிசையாக மாடிப்படிகளில் நின்று, எண்ணெயைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பாதியை உயரத்தில் வைத்துப் பாதியைப் பள்ளத்தில் வைத்தால் முழுவதும் பள்ளத்தில் இருப்பதற்குச் சமம். நமது ஜெனரேட்டர், எண்ணெய்த் தொட்டி, ஆக்ஸிஜன், மின்பலகை யாவும் முன்பக்கத்து மேட்டிலேயே இருக்கும்.

தரையிலிருந்து பேஸ்மட்டம் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதி. ஆனால் எந்தத் தரையிலிருந்து? தார் போடப் போடச் சாலை உயர்ந்து, வாசலில் இரண்டு படி ஏறிய வீடுகள் இரண்டு படி இறங்கும் வீடுகளானதை நம் ஊரிலேயே பார்க்கிறோம். அதனால் இன்றைய சாலையை மட்டுமல்ல, வரப்போகும் சாலையையும் மனதில் வைத்து மட்டம் குறித்தோம்.

கன்மலைமேல் வீடு கட்டினவனின் உவமையை நாம் அறிவோம். லூக்கா அதைச் சொல்லும்போது, அவன் ஆழமாய்த் தோண்டினான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். ஆழமாய்த் தோண்டுகிறவனின் வேலை ஊருக்குத் தெரியாது. வெள்ளம் வரும் நாளில் மட்டுமே தெரியும்.

நண்பர்களே, உங்கள் காணிக்கையில் ஒரு பெரும் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே பெயர்ப்பலகை பதிக்க இடமில்லை. ஆனால் ஒருநாள் அறுவை முடிந்த ஒரு தாய், பழைய வார்டிலிருந்து புதிய வார்டுக்கு ஸ்ட்ரெச்சரில் போவாள். குலுக்கல் இராது. எங்கே பழையது முடிந்தது, எங்கே புதியது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. அவள் அறியாமல் போகும் அந்த இடந்தான் நீங்கள் கொடுத்தது.

அந்தப் பெரியவரிடம் இதையே சொன்னேன். அவர் சற்று நேரம் தூண்களைப் பார்த்து நின்றார். பிறகு, "மூடுவதற்கு முன் இன்னொரு முறை வந்து பார்க்கிறேன்" என்றார். நீங்களும் வாருங்கள்.