அந்தத் தாய்க்கும் ஒரு நாற்காலி

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு இப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு பரிசு வாங்கினாள். மேடையை விட்டு இறங்கியவளிடம், "அம்மா எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"தம்பியப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்காங்க சார். அவன் வந்தா சத்தம் போடுவான். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க" என்றாள். அவள் தம்பிக்கு ஆட்டிசம்.

பெற்ற மகள் பரிசு வாங்குவதைப் பார்க்க அந்தத் தாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை. அவளை வரவிடாமல் தடுத்தவை நம்முடைய கண்கள்தான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பிறரைக் குறை சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் வகுப்பில் ஒரு பையன். பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் நிலையங்களை வரிசை தப்பாமல் சொல்வான். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். திமிர் என்று நினைத்தேன். "அடியாத மாடு படியாது" என்று படித்த கூட்டம் அல்லவா நாங்கள்! முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "என் முகத்தப் பாருடா!" என்று பிரம்பை எடுத்தேன்.

பால் வெட்டிவிட்டு உடுப்புக்கூட மாற்றாமல் அவன் தாய் வந்தாள். "வீட்ல கண்டிச்சு வளருங்க" என்றேன். அவள் சொன்னாள்: "அடிச்சா அழுவான் சார். ஆனா எதுக்கு அடிச்சாங்கன்னு அவனுக்குத் தெரியாது." மறுவாரம் பையன் பள்ளிக்கு வரவில்லை. நான் லயத்துப் பக்கம் போய் ஏன் என்றும் கேட்கவில்லை. பல ஆண்டு கழித்து ஒரு பயிற்சியில் ஆட்டிசத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் அந்தத் தாயின் முகம் என் முன்னே வந்து நின்றது.

அன்பர்களே, ஆட்டிசம் என்பது என்ன? தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு அது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைக் கவனித்து அதை விவரித்து எழுதினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் இப்படி இருந்தார். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் ஓயாமல் பேசுவார்கள். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் சிலருக்குத் தாங்க முடியாத வேதனை. வழக்கமான பாதை மாறினாலே சிலர் கலங்கிப் போவார்கள்.

இது காத்துக் கருப்பும் அல்ல, செய்வினையும் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. தாயின் வளர்ப்பும் காரணமல்ல. ஒரு காலத்தில் டாக்டர்களே தாயின் பாசக் குறைவு என்று பழி போட்டார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனநூல் அறிஞர் 1964இல் புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவரே அப்படிப்பட்ட ஒரு பையனின் தகப்பன்! தடுப்பூசியோடு தொடர்பு இருக்கலாம் என்று 1998இல் லண்டன் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. அது தவறானது என்று அந்த ஏடே 2010இல் அதை நீக்கிவிட்டது. ஆகவே ஊசி போடத் தயங்காதீர்கள்.

பெற்றோர்களே, பேர் சொன்னால் திரும்பவில்லை, விரலால் எதையும் சுட்டிக் காட்டவில்லை, பேசிய சொல்லும் நின்றுவிட்டது என்றால், "அவங்க மாமாகூட லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்காதீர்கள். கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள்; அதோடு அரசாங்கக் கிளினிக்குக்கும் போங்கள். ஒன்றரை வயதில் இதற்கென்றே கேள்வித்தாள் வைத்துப் பார்க்கிறார்கள். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பிள்ளைக்கு நல்லது.

டாக்டர் உறுதி செய்த பிறகு சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதியுங்கள். "பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்களே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பல உதவிகளுக்கு அந்த அட்டைதான் வாசல். கல்வி அமைச்சு 2019இல் கொண்டுவந்த கொள்கைப்படி, உடற்குறையையோ கற்றல் குறையையோ காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு துணிந்து கேளுங்கள். சமூக மறுவாழ்வு மையங்களும் உண்டு, பி.டி.கே. என்பார்கள். 1984இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கியவை அவை. பள்ளி முடித்த இளைஞர்களும் அங்கே சேரலாம்.

அக்கம் பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை. சின்ன வயதில் தூக்கிக் கொஞ்சிய பையனுக்கு மீசை முளைத்ததும் பயந்து ஒதுங்குகிறோம். கல்யாணப் பத்திரிகையை வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். கடையில் அவன் அலறினால் முறைக்காதீர்கள். "அக்கா, பைய நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்தால், அந்தத் தாய் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிடுவாள்.

மாணவச் செல்வங்களே, அப்படி ஒரு நண்பன் இருந்தால் கேலி செய்யாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவன் தாமதமாகச் சொன்னாலும் சொல்வான்.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவில் கதவோரம் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். சத்தம் தாங்காவிட்டால் எழுந்து வெளியே போய் வர வசதியாக இருக்கும். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறையுங்கள். யாராவது அந்த வீட்டுக்கே போய், "தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா" என்று அழையுங்கள். சங்கம் அனுமதித்தால் நானே போகிறேன். அன்று ஒரு வீட்டுக்குப் போகாமல் இருந்தவன் நான். இந்த வீட்டுக்காவது போகிறேன்.