ஜெய் ஹிந்த் அஞ்சல்தலையும் பினாங்கு உறைகளும்

(மதுரையில் நடந்த சமூக அறிவியல் ஆசிரியர் பணிமனையில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த வேலையில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் நியாயமாக இருக்காது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். மன்றம் ஆரம்பித்த புதிது. “வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் தலையை மட்டும் வெட்டிக்கொண்டு வாருங்கள், தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டலாம்” என்றேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏழு தலைகள் கொண்டுவந்தான். அதில் ஐந்து, சுதந்திர இந்தியாவின் முதல் அஞ்சல்தலை. மூவர்ணக் கொடி போட்ட மூன்றரை அணா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கே முதல் பரிசு கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவனுடைய அப்பத்தா பள்ளிக்கு வந்தார். கோபமாகக்கூட வரவில்லை. “சார், அந்தக் கவரையெல்லாம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். அவருடைய கணவர் பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இவருக்கு எழுதத் தெரியாது. ஊர் வாத்தியாரைக் கொண்டு எழுதி அனுப்பிய கடிதங்கள் அவை. அவர் அத்தனையையும் சேர்த்து வைத்திருந்து, ஊர் திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார். “அவரு இருந்த தோட்டத்துப் பேரு அதுலதான் இருந்துச்சு. எனக்கு அந்தப் பேரு வாயில நுழையாது சார்” என்றார்.

பையன் தலையை வெட்டியெடுத்த பிறகு உறைகள் அடுப்புக்குப் போய்விட்டன. முத்திரையிலும் பாதிதான் மிச்சம். ஊரின் கடைசி மூன்று எழுத்துகள் தெரிந்தன, தேதி இல்லை. அந்தக் குடும்பத்துக்குத் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று சொல்லும் ஒரே சான்று, நான் சொல்லிக்கொடுத்த முறையால் அழிந்தது. அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் கத்தரிக்கோல் கிடையாது.

அந்த உறையில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். அதை விளக்க அந்த அஞ்சல்தலையின் கதையைச் சொல்ல வேண்டும்.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றது. ஆனால் அன்று அஞ்சலகத்தில் விற்றது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைதான். புதிய அரசிடம் சொந்த அஞ்சல்தலை தயாராக இல்லை. தலைக்குப் பதில் முத்திரையை மாற்றினார்கள். ‘ஜெய் ஹிந்த்’ என்ற சிறப்பு முத்திரை அன்றே வந்தது. மன்னர் முகத்தின் மேல் ‘ஜெய் ஹிந்த்’ குத்திய ஓர் உறையை நினைத்துப் பாருங்கள். ஆட்சி மாற்றம் பற்றி நாம் ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவதை அந்த ஓர் உறை சொல்லிவிடும். உறையிலிருந்து தலையை வெட்டினால் அந்த முத்திரையும் துண்டாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். பாகிஸ்தானோ வேறு வழியில் போனது: அதே மன்னர் தலைகள் மேல் ‘பாகிஸ்தான்’ என்று மேலச்சு அடித்து 1947 அக்டோபரில் வெளியிட்டது. அந்த மேலச்சும் நம் நாசிக் அச்சகத்தில்தான் நடந்தது. பிரிந்துபோன நாட்டுக்கும் அஞ்சல்தலை அச்சிட்டுக் கொடுத்த அச்சகம்! எந்தப் பாடநூலிலும் இதை நான் பார்த்ததில்லை.

கொடித் தலை 1947 நவம்பர் 21 அன்று வந்தது. டிசம்பர் 15 அன்று அசோகச் சிங்கத் தூண் போட்ட ஒன்றரை அணாவும், விமானம் போட்ட பன்னிரண்டு அணாவும் வந்தன. உள்நாட்டுக் கடிதத்துக்கு ஒன்றரை அணா. மற்ற இரண்டும் வெளிநாட்டுக்கு. ஆகவே கொடி முதலில் பறந்தது கடல் கடந்துதான். மூன்றிலும் ‘15 ஆகஸ்ட் 1947’ என்றே அச்சாகியிருக்கும். இதை வகுப்பில் காட்டி, “இந்தக் கடிதம் எப்போது எழுதியது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் 15 என்றுதான் பதில் வரும். தலை வெளியானதே நவம்பரில், கடிதம் அதற்கும் பிறகு. கடிதத்தின் தேதியைச் சொல்வது முத்திரை. கல்வெட்டில் சொல்லப்படும் காலம் வேறு, கல்வெட்டு பொறித்த காலம் வேறு என்று பதினொன்றாம் வகுப்பில் சொல்லித் திணறுகிறோமே, அதை ஆறாம் வகுப்பிலேயே இப்படிப் புரியவைத்துவிடலாம்.

நம் ஊர்ப் பழைய முத்திரைகளில் ‘மதுரா’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அது ‘மதுரை’ ஆனதையும் உறைகளை வரிசையாக அடுக்கி வைத்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இனி அச்சு வேறுபாடுகள். சேகரிப்பவர்களுக்கு உயிரே இதில்தான். நமக்கு வேறொரு பயன் உண்டு: பிள்ளைகளை உற்றுப் பார்க்க வைக்கும்.

பிழை எப்படி நேர்கிறது என்பதற்கு 1854ஆம் ஆண்டின் நாலணாத் தலை நல்ல எடுத்துக்காட்டு. சிவப்புச் சட்டம் ஒரு முறை, நீல நிறத்தில் ராணியின் தலை இன்னொரு முறை என இரு தடவை அச்சாக வேண்டும். சில தாள்களை இரண்டாம் முறை தலைகீழாக வைத்துவிட்டார்கள். ராணி தலைகீழானார். உலகின் அரிய அஞ்சல்தலைகளில் அது ஒன்று. கொடித் தலையும் ஆரஞ்சுச் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று வண்ணம் கொண்டது. ஒரு வண்ணம் நூலிழை விலகினாலும் பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும். ஓவிய ஆசிரியர்கள் இதைக் கையாலேயே செய்து காட்டலாம். உருளைக்கிழங்கில் அச்சு வெட்டி இரண்டு வண்ணத்தில் பதியச் சொல்லுங்கள். பாதிப் பேருக்குப் பொருந்தாது. அப்போது புரியும், அச்சகத்தில் அத்தனை லட்சம் தலைகள் பொருந்தி வந்ததே பெரிய காரியம் என்று.

எனக்கு மிகவும் பிடித்தது போதிசத்துவர் கதை. 1949 ஆகஸ்ட் 15 அன்று நம் சிற்பங்களையும் கட்டடங்களையும் கொண்ட பதினாறு தலைகள் வந்தன. மூன்று பைக்கு அஜந்தா, இரண்டணாவுக்கு நம் நடராசர், ஐந்து ரூபாய்க்குத் தாஜ்மகால். நினைவுத் தலைகள் அல்ல, அன்றாடப் பயன்பாட்டுக்கானவை. அவற்றில் ஓரணாத் தலையில் போதிசத்துவர் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். உண்மைச் சிலையில் நீண்டிருப்பது வலது கை. படம் இடம் வலமாகத் திரும்பிப்போயிருந்தது! 1950 ஜூலை 15 அன்று திருத்திய தலை வந்தது. ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலம் நாடு முழுக்க அந்தப் பிழை கடிதங்களின் மேல் ஊர் சுற்றியது. அன்றாடத் தலை என்பதால் ஏராளமாக அச்சாகிவிட்டது. முத்திரை குத்தியதைப் பெரிய செலவில்லாமல் வாங்கலாம். இரண்டையும் அருகருகே ஒட்டி வைத்து, “எது சரி?” என்று கேட்பேன். பிள்ளைகள் எழுந்து நின்று கையை நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு சிறுமி, “சார், அரசாங்கமே தப்புப் பண்ணிட்டுத் திருத்துனா, நாங்க நோட்டுல அடிச்சுத் திருத்துனா ஏன் சார் திட்டுறீங்க?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்தது காந்தி. விடுதலையின் முதல் ஆண்டு நிறைவில், 1948 ஆகஸ்ட் 15 அன்று, ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நான்கு தலைகள். ‘பாபு’ என்று இந்தியிலும் உருதுவிலும் எழுதியிருக்கும். 1921 செப்டம்பர் 22 அன்று நம் மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறியவர், சுதேசிக்காக வாழ்ந்தவர். அவர் தலை எங்கே அச்சானது தெரியுமா? சுவிட்சர்லாந்தில், கூர்வாசியே அச்சகத்தில். ஒளிப்படத்தின் நயம் கெடாமல் அச்சிடும் ஃபோட்டோகிராவூர் முறை அப்போது நாசிக்கில் இல்லை. 1952இல் கபீர் முதல் தாகூர் வரை ஆறு கவிஞர்களின் தலைகளோடுதான் அது நமக்குக் கைவந்தது. காந்தி தலையை வெளிநாட்டில் அச்சிட்டது சரியா, தவறா என்று பட்டிமன்றம் வைக்கலாம். காந்தி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும் நாளில் வைத்தால் இன்னும் சூடு பிடிக்கும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா. பத்து ரூபாய்க்கு 160 அணா. ஒன்றரை அணா வீதம் 106 கடிதம் போட்டு, ஓரணா மிச்சம். அந்தப் பத்து ரூபாய்த் தலையை வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று அவர்களே பேசுவார்கள்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இந்த நான்கு தலைகளிலும் ஒவ்வொன்றிலும் நூறை மட்டும், அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜியின் அலுவலகப் பயன்பாட்டுக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சு அடித்தார்கள். அதில் பத்து ரூபாய்த் தலை நான்கு சேர்ந்தாற்போல் 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. செய்தி வந்ததும் எனக்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள்! பழைய காந்தி தலை எல்லாம் கோடிக்குப் போகும் என்று ஊரே நம்பியது. மேலச்சு இல்லாத பத்து ரூபாய்த் தலையிலும் போலிகள் நிறைய. மாணவர் யாராவது காசு கொடுத்து வாங்கப்போகிறேன் என்றால் இரண்டு சோதனைகளைச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, பற்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளை என்று எண்ண வேண்டும். சுவிஸ் அச்சில் பதினொன்றரை இருக்கும். அக்கால நாசிக் அச்சில் பதினான்கை ஒட்டி வரும். அளவுகோலும் வெள்ளைத்தாளும் போதும். இன்னொன்று நீர்க்குறி. தலையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால், ஜெய் ஹிந்த் தலைகளின் தாளில் நட்சத்திரங்கள் தெரியும். சுவிஸ் அச்சான காந்தி தலையில் நீர்க்குறியே இராது. சேகரிப்பவர்கள் பென்சின் விட்டுப் பார்ப்பார்கள். வகுப்பறையில் அது வேண்டாம். இந்த இரண்டும் பொருந்தினாலே அசல் என்று முடிவு கட்டவும் கூடாது. போலி செய்பவனும் துளையை எண்ணுவான்.

தேனி, கம்பம் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால் இருந்தது. 1949இல் இரண்டும் இணைந்தபோது பழைய தலைகள் மேல் அவசரமாக மேலச்சு அடித்தார்கள். அவசரத்தின் சுவடு நன்றாகவே தெரியும்: எழுத்து விடுபட்டது, தலைகீழானது என்று எத்தனையோ வகை. 1951இல் அது இந்திய அஞ்சலோடு கலந்தது. ஏலத்தோட்டத் தொடர்புள்ள வீடுகளில் அந்த உறைகள் கிடைக்க வாய்ப்புண்டு. கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்ளாதீர்கள்.

1952இன் ஆறு கவிஞர்களைச் சொன்னேன். கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாசர், காலிப், தாகூர். பட்டியலைப் படித்ததும் மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: “நம்ம ஆள் யாரும் இல்லையா?” திருவள்ளுவரும் பாரதியும் 1960இல் வந்தார்கள், ஆளுக்குப் பதினைந்து நயா பைசாவில். எட்டு ஆண்டு இடைவெளி. யாரை நாடு முதலில் நினைவுகூர்ந்தது, யாருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாமாகவே கேட்டுவிடுகிறார்கள். அடக்க வேண்டாம்.

நடைமுறைக்கு வருகிறேன். அஞ்சல் துறையின் தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை 2017இல் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு ₹6000, நாடு முழுவதும் 920 பேருக்கு என்பது திட்டம். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருந்து அதில் மாணவர் உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பெயரில் அஞ்சல்தலை வைப்புக் கணக்கு இருக்க வேண்டும். இவ்வாண்டின் விதிகளைத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மன்றத்தில் எங்கள் வழக்கம் இது. உறை வீட்டிலேயே இருக்கும். மாணவர் கைப்பேசியில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வருவார். பின்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு வீட்டுப் பெரியவரிடம் நான்கு கேள்வி: யார் எழுதியது, யாருக்கு, அப்போது அவர் என்ன வேலையில் இருந்தார், ஏன் இதைப் பத்திரப்படுத்தி வைத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பெரியவர் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்வேன்.

அந்த ஐந்து கொடித் தலைகளையும் அப்பத்தாவிடம் திருப்பிக் கொடுத்தேன். “இதை வச்சு நான் என்ன சார் பண்றது, பிள்ளைகளுக்குக் காட்டுங்க” என்று ஒன்றை மட்டும் என்னிடமே தந்துவிட்டார். உங்கள் மேசைமேல் கண்ணாடித்தாள் உறையில் இருப்பது அதுதான். பக்கத்தில் பூதக்கண்ணாடியும் அளவுகோலும் வைத்திருக்கிறேன். ஓரங்களைப் பாருங்கள், கத்தரிக்கோல் பட்ட இடத்தில் பற்கள் போயிருக்கும். மிச்சமிருக்கும் முத்திரையில் என்ன படிக்க முடிகிறது என்று குழுவுக்கு ஒருவர் எழுதிக்கொடுங்கள்.